பாஸ்குக் காலையின் முதல் காப்பி

வறுத்த கொட்டையில் ஒரு பிடி அள்ளிக் கண்ணை மூடி முகர்கிறார் சவரிமுத்து. தவக்காலத்தில் வரதராஜன்பேட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் காப்பியைத் தொடுவதில்லை. ஊருக்கே காப்பித்தூள் விற்கிற இவரும் நாக்கில் ஒரு சொட்டு படவிட மாட்டார்.

"மோந்தா மட்டும் பாவமில்லையாக்கும்?" என்று சீண்டுவாள் மனைவி விண்ணரசி.

"மூக்குக்கு ஏதுடி ஒருசந்தி?"

கொட்டைகளைப் பற்றி அவர் பேசினால் சம்பந்தம் பேசுவது போலிருக்கும். "எல்லாம் அரபிகா சாதிதான். ஆனா குணம் வேற வேற." கூர்க், "நொடிஞ்சுபோன பண்ணையார் வூடு, இன்னமும் மணம் போவல." கென்ட், "பழமாட்டம் லேசாப் புளிச்சு, தொண்டையில இனிச்சு நிக்கும்." பழத்துக்குள் ஒற்றையாய் உருண்டு கிடக்கும் பீபரி, "ஒத்தப் புள்ள, செல்லம் சாஸ்தி." செடிநோயைத் தாங்கவென்று உண்டாக்கிய 288-ஆம் நம்பர் ரகம் மட்டும் அவருக்கு ஆகாது. "கைதிக்குப் போடுற மாதிரி நம்பரு! குடிச்சா நாக்கு கட்டையாப் போவுது."

உலக யுத்தத்தின்போது கொட்டை கிடைக்காமல் பலரும் காப்பித்தூளில் புளியங்கொட்டையை வறுத்துக் கலந்தார்கள். அவர் கலக்கவில்லை. தவக்காலம் நாற்பது நாளும் பொறுத்த ஊர், பாஸ்கு என்கிற ஈஸ்டர் அன்று முதல் வாய் குடிப்பது அவர் தூளைத்தான். அதில் அவருக்குப் பெருமை. பெருமையைவிடப் பயம் அதிகம்.

வழக்கமாகத் தவக்காலத்துக்கு முன்பே மூட்டை வாங்கிக் குடித்துப் பார்த்துவிடுவார். இந்த வருஷம் கென்ட் மூட்டை அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததே பாஸ்குக்கு முந்தின பெரிய வாரத்தில்தான்.

"ஒரு சொட்டு வச்சுப் பாருங்களேன். ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள் விண்ணரசி.

மனிதர் மசியவில்லை. மூக்கை நம்பி வறுத்து, அரைத்து, ஊர் முழுக்க விற்றுவிட்டார். இந்தப் பிடிவாதத்தை மெச்சாமல் என்ன செய்வது?

பாஸ்குப் பூசை முடிந்து வந்து முதல் வாய் உறிஞ்சினார். புளிப்பு வந்தது, பின்னால் வரவேண்டிய இனிப்பு வரவில்லை. நாக்கு கட்டையானது. கென்ட்டுக்குள் 288-ஐக் கலந்து தலையில் கட்டிவிட்டான் மொத்த வியாபாரி. தெருவெல்லாம் டிக்காக்‌ஷன் மணத்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான இருக்கு? யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் விண்ணரசி.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இருக்குற மட்டும் ஊருக்கு மாத்திக் குடுக்கணும்."

வீட்டுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த போன வருஷத்துக் கென்ட் கொட்டையைப் பரணிலிருந்து இறக்கினார். விண்ணரசி பதறிப்போனாள். "கடன் திருநாளுங்க! இன்னிக்கு வேல செஞ்சா பாவம். பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா என்னாவும்?"

சவரிமுத்து புதுச் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டு, ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டு, வறுக்கிற உருளைக்கு அடியில் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார்.