பூத்தீலே

பழைய சிலிக்கோனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிலிக்கோன் பசை ஒட்டும். சித்தப்பா பூசியது பழைய சிலிக்கோனின் மேல்.

இத்தாலியில், மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் அம்மா வேலை செய்த வீட்டுத் தோட்டத்தில் பழைய ரூலொட் ஒன்று நின்றது. காரின் பின்னால் கொளுவி விடுமுறைக்கு இழுத்துப்போகிற சக்கர வீடு. அதன் கூரை விளிம்பைச் சுற்றியிருந்த அலுமினியப் பட்டிக்குக் கீழால் மழை புகுந்தது. ஒழுக்கு நின்றால் சித்தப்பா அதில் குடியிருக்கலாம், நிற்காவிட்டால் பழைய இரும்புக்குப் போகும் என்று வீட்டுக்கார சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். அப்போது நகரத்துக்குள், கால்சாவில், அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நால்வருக்கும் ஒரே அறை. சித்தப்பாவுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதில் சித்தப்பாவைவிட அம்மா தீவிரமாக இருந்தார்.

முதல் மழைக்கே சிலிக்கோன் பாலாடைபோல உரிந்து வந்தது. அம்மா அதைச் சுருட்டிச் சித்தப்பாவின் கையில் வைத்தார்.

"தம்பி, இதைத் தேத்தண்ணியிலை போட்டுக் குடியுங்கோ."

பிறகு எங்கள் இருவரையும் வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த இரும்புச் சாமான் கடைக்கு இழுத்துப் போனார். நான் இத்தாலிய மொழியில் கதையைச் சொல்லி முடித்ததும் கடைக்காரர் ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கினார்: "பூத்தீலே."

எட்டு வயதில் வீட்டின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர் நான். தயங்கவேயில்லை. "போத்திலிலை வாற சாமானாம்."

சித்தப்பா தட்டிலிருந்த ரோசா நிறப் போத்தில் ஒன்றைக் காட்டினார். கடைக்காரர் எடுத்துத் தந்தார். துடைக்கிற ஸ்பிரிட், அதுவும் வேண்டியதுதான். தந்துவிட்டு மறுபடியும் "பூத்தீலே" என்றார். சித்தப்பா இன்னொரு போத்திலைக் காட்டினார்.

"இன்னும் ரெண்டு வாங்கினா நாங்களே கடை போடலாம்" என்றார் அம்மா.

பொறுமையிழந்த கடைக்காரர் கறுப்பு நாடாச் சுருள் ஒன்றை மேசையில் போட்டார். பூத்தீலே என்றால் ஒட்டுகிற பியூட்டைல் ரப்பர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா விரலால் அமத்திப் பார்த்தார். "பழப்புளி மாதிரியெல்லே ஒட்டுது."

"இது போத்தில் இல்லை, அண்ணி."

"ஓம். அதாலைதான் வாங்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. பட்டியைக் கழற்ற வேண்டும், பழைய சிலிக்கோனை மிச்சமில்லாமல் சுரண்ட வேண்டும், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும், நாடாவை ஒட்டிப் பட்டியை அதன்மேல் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் திருகாணி முடுக்க வேண்டும். நாடா பிதுங்கிய இடம் அடைபட்ட இடம். பிதுங்காத இடம் ஒழுகப்போகும் இடம். பிதுங்கியதை அம்மா மரக்கரண்டியால் வழித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலைவிட்டு எழும்பாத அப்பா, ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தரம் முடுக்கினார்.

அந்த வாரமே பெருமழை. சிஞ்ஞோரா குடையோடு வந்து, ரூலொட்டின் உட்கூரை முழுவதையும் வெள்ளைக் கைக்குட்டையால் தடவினார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. கதவுத் திறப்பை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சித்தப்பா குடிபோனார். சனிக்கிழமை இரவுகளில் அப்பாவும் அம்மாவும் சோறு கட்டித் தந்து, அவருக்குத் துணையாக என்னையும் அனுப்பிவைத்தார்கள். ஒரு சொட்டும் ஒழுகாத கூரையின் கீழ்ப் படுத்துக்கொண்டு, இதில் வென்றது சித்தப்பாதான் என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு தங்கச்சி பிறந்தபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.