மேட்ரனின் கோழி

ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் குற்றாலம் அருவி. அதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பதற்காக ரயிலேறிக் கொல்லம் பக்கம் போனவர்கள் மேலகரத்தில் நாங்கள் இருவராகத்தான் இருப்போம். எல்லாம் பெங்களூரில் இருக்கும் மகளின் ஏற்பாடு. "மூணு நாள் ரெண்டு பேரும் கடல் காத்து வாங்கிட்டு வாங்க. ரூமுக்குப் பணம் கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டாள். பணம் கட்டியாச்சு என்றால் என் கணவர் செவ்வாய்க் கிரகத்துக்கும் கிளம்பிவிடுவார்.

நான் ராணுவ மருத்துவமனைகளில் பதினான்கு ஆண்டுகள் நர்ஸாக இருந்து, மேஜராக வெளியே வந்தவள். அவர் வங்கி மேனேஜராக ஓய்வு பெற்றவர். ஆனால் எங்கள் தெருவில் அவருக்கு 'மேஜர் வீட்டு சார்' என்றுதான் பெயர். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, வெளியே சொல்வதில்லை.

இரண்டாம் நாள் காலை, கட்டிய பணத்தில் முகப்பூச்சும் அடக்கம் என்று அந்த விடுதிக்காரர்கள் என்னை ஓர் அறைக்குள் படுக்கவைத்தார்கள். பச்சையாக எதையோ அரைத்து முகம் முழுக்க அப்பி, கண்மேல் வெள்ளரி வில்லை வைத்து, "இருபது நிமிஷம் பேசக்கூடாது, வெடிச்சுப் போகும்" என்றாள் பணிப்பெண். பக்கத்தில் ஒரு மூங்கில் தட்டி. அதற்கு அந்தப் பக்கமும் யாரோ படுத்திருந்தார்கள். பேசக்கூடாது என்பது அந்த அம்மாளுக்கு மட்டும் பொருந்தாது போலிருந்தது. பணிப்பெண்ணிடம் மலையாளத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"மிலிட்டரி ஆஸ்பத்திரியில என்கூட ஒரு தென்காசிக்காரி இருந்தாள்" என்று அந்தக் குரல் சொன்னபோது என் காது நிமிர்ந்தது. "பார்த்தால் பாவம். பயங்கரக் கள்ளி."

வடக்கே குளிர்மலையில் இருந்த மருத்துவமனை. தலைமை நர்ஸான மேட்ரன் முட்டைக்காக வளர்த்த கொழுத்த கோழி. அதை அந்தத் தென்காசிக்காரி பட்டப்பகலில் பிடித்துவிட்டாளாம். திடீரென்று மேட்ரன் வார்டுக்குள் நுழைய, கால் உடைந்து படுத்திருந்த ஒரு ஹவில்தாரின் போர்வைக்குள் கோழியை ஒளித்துவிட்டாளாம். உள்ளே கோழி கொக்கரிக்கும்போதெல்லாம் ஹவில்தார் இருமினாராம். மேட்ரன் அவருக்கு இருமல் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். "நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். கேட்கவே இல்லை" என்று முடித்தது குரல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் தென்காசிக்காரி நான்தான். ஆனால் கோழியைப் பிடித்ததும் ஒளித்ததும், தட்டிக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்த என் பழைய அறைத்தோழிதான். நான் செய்ததெல்லாம் அம்மா அனுப்பிய மசாலாவைப் போட்டுக் குழம்பு வைத்தது மட்டும்தான். வாசனை போய் மேட்ரனை எழுப்பியதால் மாட்டியது நான். தண்டனையாக ஒரு மாதம் பேண்டேஜ் துணி சுருட்டினேன். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டே ஈரல் துண்டைச் சாப்பிட்டாள். பிறகு கல்யாணமாகி மஸ்கட் போனாள். நாலைந்து கடிதங்கள் வந்தன. அப்புறம் முப்பது வருஷத்துக்குப் பேச்சே இல்லை.

முகம் வெடித்தால் வெடிக்கட்டும் என்று, செத்துப்போன எங்கள் மேட்ரனின் கட்டைக்குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "லெஃப்டினன்ட். வேர் இஸ் மை ஹென்?"

தட்டிக்கு அப்பால் எண்ணெய்க் கிண்ணம் உருண்டது. "ஸாரி மேடம்" என்றது குரல், படுத்த இடத்திலிருந்தே. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பச்சை முகம் தட்டிக்கு மேலே எழுந்து என்னை உற்றுப் பார்த்தது.

"ஏட்டி, நீயா?"

அந்த 'ஏட்டி' நான் சொல்லிக்கொடுத்தது. தமிழே தெரியாமல் வந்தவள் என்னோடு அறையில் தங்கி, ஆறே மாதத்தில் தென்காசித் தமிழில் என்னைத் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தாள். கட்டிப்பிடித்ததில் இருவர் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்தது. அழுதோமா சிரித்தோமா என்று அந்தப் பணிப்பெண்ணுக்கே தெரிந்திருக்காது. அவள் அரைத்தது வீணாய்ப் போன கவலையில் இருந்தாள்.

மகன் குடும்பத்தோடு வந்தவள், அவர்களைக் கடலோடு விட்டுவிட்டு மறுநாள் எங்களோடு தென்காசிக்கு ரயிலேறிவிட்டாள். வழியெல்லாம் மலையைப் பார்க்காமல் என் கணவரிடம் என் குறட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். செங்கோட்டை வருவதற்குள் இவளை எப்படிப் பழிவாங்குவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

வீடு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியம்போல ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். வந்திருப்பவள் கேரளாவில் பேர்போன மூட்டு டாக்டர், யாரிடமும் சொல்லிவிடாதே என்று. அது போதும்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "மேஜரக்கா, டாக்டரம்மா சாப்பிட்டாச்சா? எல்லாரும் வெளிய காத்துக்கிட்டு நிக்காங்க."

எட்டிப் பார்த்தால் பதினோரு பெண்கள், சாரலில் நனைந்தபடி. என் தோழி கையில் இட்லியோடு அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சட்னி எடுப்பதுபோல் திரும்பிச் சிரித்தேன். அவள் அவசரப்படாமல் இட்லியை முடித்து, கைகழுவி, வெளியே போய் நாற்காலியில் அமர்ந்தாள்.

"நான் டாக்டர் இல்ல, நர்ஸு. இவ உங்ககிட்டக் கதை விட்டிருக்கா" என்றாள். நான் எதிர்பார்க்காத நேர்மை. ஆனால் நிறுத்தவில்லை. "ஆனா வந்தவங்களச் சும்மா அனுப்பக் கூடாது. முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சா சுகமா இருக்கும். அதுல எங்க ரெஜிமெண்ட்லயே கெட்டிக்காரி உங்க மேஜரக்காதான். எத்தனை ஜெனரல் இவ கையால தேய்ச்சுக்கிட்டாங்க தெரியுமா? வெக்கப்பட்டு உங்ககிட்ட மறைச்சுட்டா."

பதினோரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

இருபத்திரண்டு முட்டிகள். சூடாக்கிய நல்லெண்ணெயோடு தரையில் உட்கார்ந்து நான் தேய்க்க, அவள் நாற்காலியில் இருந்தபடி, "அங்கன இல்ல, இங்கன, நல்லா அமுக்கித் தேய்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே ஒருத்தியின் முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. அதை மட்டும் என் தோழி இறங்கி வந்து தொட்டுப் பார்த்தாள், முகம் மாறியது. "இது எண்ணெய்க்குப் போகாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அந்தப் பெண்ணின் மகனையே போனில் கூப்பிட்டுச் சொன்னாள். என் கணவர் உள்ளே பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன். "ஏட்டி, நீ செஞ்சதையெல்லாம் நான் செஞ்சேன்னு ஏன் ஊரெல்லாம் சொல்லுத?"

அவள் பஜ்ஜியை ஊதினாள். "நான் செஞ்சேன்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். நீ செஞ்சேன்னு சொன்னாதானே உன்னைப் பத்திப் பேச முடியும். மஸ்கட்ல வேற யாருகிட்ட உன்னைப் பத்திப் பேச?"

அவள் தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துத் தின்றேன். அவள் இன்னொரு தட்டு சொன்னாள்.

இரண்டு நாள் என்று வந்தவள் ஒன்பது நாள் இருந்தாள். மகன் போன் செய்தபோதெல்லாம் "இங்க ட்ரீட்மெண்ட் முடியல" என்றாள். அவள் போன பிறகும் சனிக்கிழமைதோறும் நாலு பேர் முட்டியோடு வந்துவிடுகிறார்கள். நான் எண்ணெய் காய்ச்சுகிறேன். என் கணவர் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து, ஜெனரல்களைப் பற்றி ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதாவது சொல்கிறார்.