சோடாக் கடைப் படத்துக்குக் கீழே

காலை பத்தேகாலுக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மோர்னிங்சைட்டில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தபோது, முதலில் கண்ணில் பட்டது புதிய சுவர்ப்படம்தான். படத்தில், சோடாவும் விற்ற பழைய காலத்துச் சிற்றூர் மருந்துக் கடை ஒன்றில், உயரமான கதிரைகளில் அமர்ந்து எல்லோரும் ஐஸ்கிரீம் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார அந்தச் சுவரோரம் முன்பு நான்கு கதிரைகள் இருந்தன. படம் தெரியவேண்டும் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள்.

படத்துக்குக் கீழே, மடக்கு ஸ்டூலை விரித்து ஓர் அன்ரி அமர்ந்திருந்தார். கம்பளித் தொப்பி, வீங்கிய முழங்கால்கள். கதிரைகள் போய்விட்டதால், ஸ்டூலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் வந்தாள்.

“அன்ரி, உதில இருக்காதேங்கோ. ஆக்கள் நிண்டு படம் எடுக்கிற இடம்.”

“எடுக்கட்டும் பிள்ளை. நானும் பழைய காலத்து ஆள்தானே.”

“மனேஜர் ஏசுவார், அன்ரி.”

“சோடா குடிக்கிறவைக்குச் சுவரில கதிரை கீறி வைச்சிருக்கிறியள். மருந்துக்கு வந்த வருத்தக்காரர் நிக்கவேணுமோ?”

மருந்து கைக்கு வரும்வரை அவர் எழும்பவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. பழைய கடையை இப்படிக் கொண்டாடுகிறவர்கள், அங்கே எல்லோரும் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த மாதம் போனேன். அதுவரை ஆங்கில அறிவித்தல்கள் மட்டுமே இருந்த அந்தக் கடையில் முதன்முறையாகத் தமிழில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: சொந்த ஸ்டூல் கொண்டுவர வேண்டாம்.