அசைந்துபோன இரண்டு படங்கள்

என் மனைவியிடம் ஒரு சின்னக் கேமரா இருந்தது. மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டியில் கொழுப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தபோது அவளாகவே வாங்கியது. கைப்பையின் பக்கவாட்டுப் பைக்குள் அடங்கிவிடும். லென்ஸைக் கழற்ற முடியாது. பொத்தானை அமுக்கினால் அது முன்னால் நீண்டு, எங்கோ இருப்பதைக் கிட்டே கொண்டுவந்து காட்டும். கல்யாணமாகி என்னோடு மூணாறுக்கு வந்தபோது புடவைகளுக்கு நடுவே வைத்து அதைக் கொண்டுவந்தாள்.

நான் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். சுற்றுலா வருபவர்களை ஜீப்பில் வட்டவடைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போவது என் தொழில். அவர்கள் நீட்டும் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தே எனக்கு அந்த ஆசை வந்தது. கல்யாணமான மறுவருடம் மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன். அந்த வகையில் இருப்பதிலேயே ஆரம்ப நிலைக் கேமரா அது. கூடவே ஒரு சாதாரண லென்ஸ் தந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம். ஒரு வாரம் பெட்டியைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வட்டவடை போனோம். பூண்டு வயல் படிப்படியாக இறங்கும் ஒரு சரிவில் நின்று, ஒரே காட்சியை அவள் அவளுடையதிலும் நான் என்னுடையதிலும் எடுத்தோம். வீட்டுக்கு வந்து இரண்டையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இந்தா பாரு. ஓடை ஓரத்து நிழல்ல என்னோடதுல ஒவ்வொரு இலையும் தனியாத் தெரியுது. ஒன்னோடதுல பாரு, ரவையைக் கொட்டுன மாதிரி ஒரே புள்ளி."

"ஏனுங்க அப்படி?"

வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் என்கிற சில்லு என்னுடையதில் தபால்தலை அளவு என்றும், அவளுடையதில் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது என்றும், வெளிச்சம் குறைந்தால் சின்ன சில்லு திணறிப்போகும் என்றும் சொன்னேன். கடையில் கேட்டதையும் இணையத்தில் படித்ததையும் கலந்து, என்னவோ நானே கண்டுபிடித்ததைப் போல விளக்கினேன்.

அவள் முழுதும் கேட்டுவிட்டு அடுத்த படத்தைத் திறந்தாள். எதிர் மலையில், ஓடையில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண். ஈரக் கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு யாரிடமோ சிரிக்கிறாள். அந்தப் பெண் அங்கே இருந்ததையே நான் பார்க்கவில்லை.

"இது உங்கதுல வருமாங்க?"

வராது. கூட வந்த லென்ஸுக்கு அந்தத் தூரம் எட்டாது. அதை ஒப்புக்கொள்ளாமல், "தள்ளிநின்னு எடுத்தா அது படமாடீ, ஒளிஞ்சிருந்து பாக்குறது" என்றேன். அவள் தலையணையால் என்னை அடித்தாள். அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. எங்கே போனாலும் ஒரே இடத்தில் இருவரும் எடுப்போம். வீட்டில் வந்து ஒப்பிடுவோம். இருட்டில் நான் ஜெயிப்பேன், தூரத்தில் அவள் ஜெயிப்பாள். அசங்கியதையும் மங்கியதையும் நான் உடனே அழித்துவிடுவேன். அவள் எதையும் அழிக்க மாட்டாள். "இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்பாள்.

அவள் உண்டானபோது எனக்கு ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது. குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய நல்ல லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும், குழந்தையின் முதல் படத்தை ஃப்ளாஷ் போடாமல் எடுக்க வேண்டும். அதற்காகக் கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படங்கள் எடுக்கும் வேலைகளை வரிசையாக ஒத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளை மீனாட்சிபுரத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டேன். பையை இறக்கும்போது பக்கவாட்டுப் பையில் சின்னக் கேமரா துருத்திக்கொண்டிருந்தது.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்த? பிள்ள பொறந்தா நான் என்னோடதுல எடுப்பேன்ல."

"பிள்ளைக்கு இல்லீங்க. வேலந்தாவளம் சந்தைல மாடு எடுக்கறதுக்கு" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு வட்டவடை போயிருந்தேன். விடியற்காலை வெளிச்சம் வேண்டுமென்று முந்தின நாளே அங்கே தங்கிவிட்டோம். அன்று ஊரில் செல்போன் டவர் வேலை செய்யவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, மலையில் அது வழக்கம்தான். பனி விலகும்வரை காத்திருந்து, அந்தப் பெண்ணின் துப்பட்டா பறக்கிற மாதிரி நாற்பது ஐம்பது தடவை எடுத்தேன். நல்ல வெளிச்சம். அன்று எடுத்தவைதான் நான் எடுத்ததிலேயே சிறந்த படங்கள். இன்றைக்கும் அவற்றை என்னால் திறந்து பார்க்க முடியவில்லை.

சோலைக்காட்டைத் தாண்டி டாப் ஸ்டேஷன் வந்தபோது பதினொரு மணி. சட்டைப் பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. இருபத்தேழு அழைப்புகள், எல்லாம் அத்தை எண்ணிலிருந்து. ஜீப்பை ஓரம்கட்டிக் கூப்பிட்டேன்.

"மாப்ள, எங்க போனீங்க? காலைல ஏழு மணிக்கே பொறந்துருச்சுங்க. பொட்டப்புள்ள. ஒரு கிலோகூட இல்லீங்களாமா. பாலக்காட்டு ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. வெரசா வாங்க மாப்ள."

"அவ எப்பிடி இருக்கா அத்தை?"

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க வாங்க."

ஜோடியை மூணாறில் இறக்கிவிட்டேன். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி. அந்த வழியை நூறு தடவை ஓட்டியிருப்பேன். அன்று எந்த வளைவும் ஞாபகத்தில் இல்லை. பொள்ளாச்சி தாண்டி ஒரு தென்னந்தோப்புப் பக்கம் போகும்போது மறுபடி போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அது என் மனைவியின் மூச்சு என்று எனக்குத் தெரிந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அப்போது மூன்றரை இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அத்தை மடியில் வைத்திருந்தார்கள். கையில் கட்டியிருந்த பட்டையில் இன்னாருடைய குழந்தை என்று என் மனைவியின் பெயர் எழுதியிருந்தது. குழந்தைக்கென்று பெயர் இல்லை. நான் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. தோளில் கேமராப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஒரு போட்டோ எடுத்துக்கறீங்களா மாப்ள" என்று மெதுவாகக் கேட்டார்கள். ஜிப்பில் கை வைத்தேன். இழுக்க முடியவில்லை. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மீனாட்சிபுரத்தில் அவர்கள் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தோம்.

என் மகள் எட்டு மணி நேரம் இருந்தாள். அதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்தது அவள் அம்மாவும் அந்தச் சின்னக் கேமராவும்தான். அது படம் எடுத்த கதையை அத்தைதான் பிறகு சொன்னார்கள். பிரசவமான மூன்றாவது மணி நேரத்தில் என் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடித் தடுப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். குழந்தைகள் அறைக்குள் அம்மாவைக்கூட அப்போது விடவில்லை. பெட்டி அந்தக் கடைசியில் இருந்தது. அத்தை செல்போனை எடுத்ததும், மொபைல் கூடாது, பலகையைப் பார்க்கவில்லையா என்று நர்ஸ் மலையாளத்தில் தடுத்திருக்கிறார்.

"மொபைல் பற்றில்லா அம்மே. போர்டு கண்டில்லே?"

என் மனைவி பைக்குள்ளிருந்து சின்னக் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நர்ஸ் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நர்ஸும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்திருக்கிறார். பிறகு, "கேமரா எந்நு போர்டில் எழுதியிட்டில்ல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஏதோ காகிதத்தை அடுக்க ஆரம்பித்திருக்கிறார். கேமரா கூடாதென்று பலகையில் எழுதவில்லையாம். முகம் தெரியாத அந்த நர்ஸை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மனைவியை மூணாறுக்குக் கூட்டிவந்தேன். அவள் பேசுவது குறைந்துபோயிருந்தது. ஒருநாள் அவள் தூங்கும்போது சின்னக் கேமராவின் கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். சந்தை மாடுகள் முப்பது நாற்பது, அதற்குப் பிறகு மூன்று படங்கள். இரண்டு அசைந்து கலங்கியிருந்தன. ஒரு வெளிர் நிறத் தீற்றலைத் தவிர அவற்றில் எதுவும் புரியவில்லை. மூன்றாவதில் முகம் இருந்தது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து, அத்தனை தூரத்தை இழுத்து எடுத்த முகம். என்னுடைய கேமரா அன்று அங்கே இருந்திருந்தாலும் அந்த லென்ஸுக்கு அது எட்டியிருக்காது. குழந்தையின் கண் கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் அறையில் வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது.

நல்ல படத்தை மட்டும் எடுத்து வைத்தேன். மாட்டுப் படங்களைத் தனியாகப் பிரதி எடுத்தேன். கைப்பழக்கத்தில் கலங்கிய இரண்டையும் விட்டுவிட்டுக் கார்டைச் சுத்தமாக அழித்துத் திரும்ப வைத்தேன். தினமும் செய்கிற வேலை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மூணாறில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோனேன். அவர் கம்ப்யூட்டரில் புதிதாக வந்த ஏதோ ஒரு மென்பொருளில் போட்டார். ஒரு நிமிடத்தில் புள்ளிகள் எல்லாம் போய், முகம் பளிச்சென்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காசு வாங்க மறுத்து, பெரிய அளவில் அச்சடித்துச் சட்டமும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அதைப் பிரித்து மனைவியின் கையில் கொடுத்தேன். அவள் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது யாருங்க?" என்றாள்.

"என்ன இப்பிடிக் கேக்குற? நம்ம பிள்ள."

"இல்லீங்க. அவளுக்கு நெத்தி பூராவும் பூனைமுடி இருந்துச்சு. கன்னத்துல ஒரு டேப்பு ஒட்டியிருந்தாங்க, அந்த எடம் சுருங்கியிருந்துச்சு. இமை முடி இருக்கா இல்லையான்னே தெரியாது. இதுல பொம்மைக்கு இருக்கறாட்டம் இமையை வளைச்சு வெச்சிருக்குது." சட்டத்தை என்னிடம் திருப்பித் தந்தாள். "நான் எடுத்தது எங்கீங்க? மூணு இருந்துச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ரெண்டு ஆடிப்போயிருந்துச்சு..." என்றேன்.

"ஆடிப்போயிருந்துச்சுன்னா?"

"அழிச்சிட்டேன்."

அவள் கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"என் கை ஆடலீங்க. நான் கண்ணாடி மேல கேமராவ அழுத்திப் புடிச்சிருந்தேன். அவதான் ஆடினா. கையத் தூக்கித் தூக்கிப் போட்டா. அதைத்தான் எடுத்தேன். கொஞ்ச நேரம் அசையாம இருந்தப்ப எடுத்தது அந்த மூணாவது."

என் மகள் உயிரோடு அசைந்தது அந்த இரண்டு படங்களில்தான் இருந்தது. அதைத்தான் நான் குப்பை என்று அழித்திருந்தேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கோபமாகக் கொட்டிவிட்டேன். "நீ பாத்தடீ! எட்டு மணி நேரம் பாத்த! நான் ஒண்ணுமே பாக்கலையே. எனக்கு அந்த ஒரு மூஞ்சிதான இருக்கு. அதாவது தெளிவா இருக்கட்டும்னு நெனைச்சது தப்பா?"

அவள் அடுத்த வாரம் மீனாட்சிபுரம் போனாள். மூன்று மாதம் வரவில்லை.

ஸ்டுடியோ நண்பர் கார்டை வாங்கி, அழித்த படங்களை மீட்கும் மென்பொருளில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். ஒன்று கிடைக்கவே இல்லை. இன்னொன்றின் மேல்பாதி வந்தது, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். வந்த பாதியில் வெளுத்த கோடு ஒன்று வளைந்து மேலே போகிறது. அவ்வளவுதான். அதைச் சுத்தம் செய்யட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளங்கை அளவுக்கு அச்சடித்து வாங்கி, பஸ் ஏறி மீனாட்சிபுரம் போனேன்.

மனைவி தொழுவத்தில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இது வலது கைங்க" என்று விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இங்கிருந்து இப்படிப் போச்சு."

தன் கையைத் தூக்கி எனக்குச் செய்து காட்டினாள். பிறகு இருவரும் அங்கேயே, மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க, சத்தம்போட்டு அழுதோம். அத்தை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது அவள் மூணாறுக்கு வந்துவிட்டாள். இப்போது ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. நான் இன்னமும் ஜோடிகளைப் படம் எடுக்கிறேன். அது என் தொழில்.

சில நாட்களில், துணி மடிக்கும்போதோ அரிசி களையும்போதோ, அவள் திடீரென்று நிறுத்தி, "இன்னொண்ணு சொல்லலையேங்க" என்பாள். அந்த எட்டு மணி நேரத்திலிருந்து ஏதாவது ஒன்று வரும். ஒரு தடவை, குழந்தையின் காது மடல் ஒருபக்கம் மடங்கியிருந்தது என்றாள். இன்னொரு தடவை, அது கொட்டாவி விட்டபோது நர்ஸும் சேர்ந்து கொட்டாவி விட்டார் என்று சொல்லிச் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டாள். நானாகக் கேட்பதில்லை. எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று பயம்.

போன செவ்வாய்க்கிழமை சொன்னாள், குழந்தைக்கு விக்கல் வந்ததாம். ரொம்பச் சின்ன விக்கல், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லையாம். மார்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டதாம்.

"எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"எண்ணலீங்க" என்றாள்.