கன்னிவாடி மாமாவின் பேரும் என் மயில் நீலப் பெயின்ட்டும்

நேற்று காலை பத்து மணி. எங்கள் படுக்கையறை. ஒரு நீலப் பீரோ. அதற்கு முன்னால் கைகட்டி நான்!

(பள்ளிக்கூடம் முடித்த பிறகு இப்படி நின்றதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நின்றிருக்கிறேன், அது வேறு கணக்கு.)

விஷயம் இதுதான்.

அம்மா காலமான பிறகு அவருடைய மரப் பீரோ என் பங்குக்கு வந்தது. கருப்பும் இல்லாத, காபியும் இல்லாத ஒரு கலர். எங்கள் கொடைக்கானல் செண்பகனூர் ஈரத்தில் கதவோரம் பூஞ்சை வேறு.

சீசன் முடிந்துவிட்டது. என் சாக்லேட் கடையில் ஈ கூட இல்லை (இந்தக் குளிரில் ஈயும் பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிடும்).

சும்மா இருந்தவன் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பழைய மரச் சாமானுக்குப் புது வாழ்வாம்! அந்தப் பெண் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பீரோவை முடித்துவிட்டார்.

எனக்கு நாலு நாள் ஆனது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிரைமர் அடித்தேன். அதற்கு மேல் மயில் நீலம், இரண்டு கோட்டிங். தள்ளி நின்று பார்த்தேன். அடடா!

சனிக்கிழமை மதியம் செல்வி உள்ளே வந்தாள். (என் மனைவி. எனக்கு இருக்கும் ஒரே விமர்சகர்.)

"நல்லாத்தாங்க இருக்கு. ஆமா, பேரு எங்க?"

"என்ன பேரு?"

"கதவுல மஞ்சப் பெயின்ட்ல எழுதியிருந்துச்சே!"

கதவைத் திரும்பிப் பார்த்தேன், முழுக்க மயில் நீலம்.

அந்தப் பீரோ, அம்மாவின் கல்யாணத்துக்கு அவருடைய அண்ணன், எங்கள் கன்னிவாடி மாமா, செய்து கொடுத்தது. நம் ஊரில் அன்பளிப்பைச் சும்மா கொடுத்துவிடுவோமா? குடத்தில் பேர், ஃபேன் இறக்கையில் பேர். பீரோ கதவில் கையகல எழுத்தில், 'அன்புத் தங்கைக்கு அண்ணன் சுப்பையா, கன்னிவாடி'.

அதைத்தான் அழுக்கோடு அழுக்காகத் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன்!

மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவர் பேர் இரண்டாவது வரிக்குப் போனதற்கு இரண்டரை வருடம் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பீரோவுக்குப் போய், பேரைப் பார்த்த பிறகுதான் தண்ணீரே குடிப்பார்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். என் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மாமாதான் முன்னால் நிற்க வேண்டும். அவர் முறுக்கிக்கொண்டு போய்விட்டால்?

அந்த நேரம் பார்த்து போன்!

"ஏலே மாப்ளே, நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறிருவேன். கல்யாணச் சோலி அம்புட்டுக் கெடக்கு, பேசணும்ல?"

போனை வைத்துவிட்டுச் செல்வியைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறீங்க? வெரசா அதே மாதிரி எழுதி வைங்க!"

எழுதலாம். பெயின்ட் காய்ந்தால்தானே! ஆறு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. போட்டவர் கொடைக்கானல் மேகத்தைப் பார்த்ததில்லை போலும். மகளின் ஹேர் டிரையரைப் பிடித்தேன். டிரையர்தான் சூடானது.

ஈர நீலத்தின் மேலேயே மஞ்சளில் ஆரம்பித்தேன். 'அன்பு' வரைக்கும் வந்தேன். பச்சைக் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது மாதிரி இருந்தது! துடைத்துவிட்டு மறுபடி நீலம்.

"போர்வையப் போட்டு மூடிருவோமா?"

"ஒட்டிக்கிரும்ங்க. பீரோவுக்குப் பூப்போட்ட சட்டை தைச்ச மாதிரி ஆயிரும்."

நேற்று காலை மாமா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். செருப்பைக் கழற்றினார். நேராக உள்ளே நடந்தார்.

"அட, புதுசா மாப்ளே? கலரு நல்லாருக்கே!"

"ஹி ஹி."

"சரி, எம் பீரோவ எங்க போட்ட?"

ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள்...

"அதுதாங்க இது. இவருதான் பேர உப்புத்தாள் போட்டுத் தேச்சுப்புட்டாரு!" செல்வி ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

(இருபத்தாறு வருட தாம்பத்தியம், மக்களே!)

மாமா கிட்டே போனார். பேர் இருந்த இடத்தை விரலால் தொட்டார். விரல் நீலமானது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா... தெரியாமச் செஞ்சிட்டேன்..."

"கீழ் டிராயர உருவு."

"மாமா?"

"உருவுலே!"

உருவினேன்.

"கவுத்துப் போடு."

கவிழ்த்தேன். அடிப்பலகையில், பளிச்சென்று மஞ்சளில், 'அண்ணன் சுப்பையா, கன்னிவாடி'!

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எந் தங்கச்சியப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்கூடச் சண்டைன்னா மொதல்ல எம் பேரத்தான் சொரண்டுவா. அதான் பெயின்டர்கிட்டச் சொல்லி நாலு எடத்துல எழுத வெச்சேன்!"

பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னார். முதுகில் ஒன்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"எத்தனையோ சண்டை போட்டிருக்கோம். ஒரு எழுத்தத் தொடலையே அவ. கடைசியில ஒங் கையால போயிருக்கு."

"கோவமா மாமா?"

"நாலுல ஒண்ணுதான போச்சு, விடு. காப்பி போடச் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்!

காபியைக் குடித்துக்கொண்டே கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொன்னார். மகளுக்குச் சீர் பீரோவும் அவர்தானாம். ஸ்டீல் பீரோ.

"இந்தத் தடவ பேர எழுத மாட்டேன். தகட்டுல வெட்டிருவேன். வரப்போற மாப்பிள்ள எத்தனை உப்புத்தாள் வேணும்னாலும் வாங்கட்டும்!"

பஸ் ஏறும்போது, மனசு லேசான தைரியத்தில் கேட்டேன். "மாமா, கதவு, டிராயரு, முதுகு, மூணுதான வருது. நாலாவது எங்க?"

நீல விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"ஒங்கிட்ட இன்னும் அரை டப்பா பெயின்ட் கெடக்குல்ல? சொல்லுவேனா நானு?"

இன்று காலையிலிருந்து டார்ச்சுடன் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். முழங்கை இரண்டும் நீலம்!

உங்கள் வீட்டுப் பழைய பீரோவில் மாமன்மார் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? கொஞ்சம் சொல்லுங்களேன், அங்கேயும் பார்த்துவிடுகிறேன்!