மூன்றாம் ஓலைக்கு எழுந்த தடை

ஓசூர் சபைக்கு நான் ஆயராக வந்த புதிது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபார்மோடே காலை ஆராதனைக்கு வந்திருந்தார்கள். ஜெபராணிக்கும் சுரேஷுக்கும் மூன்றாம் ஓலை வாசித்தேன். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு சபையில் பெயர் வாசித்து, தடை உண்டா என்று கேட்பதைத்தான் ஓலை என்போம். பெரும்பாலும் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"நிறுத்துங்க ஐயரே! நான் பொண்ணோட அப்பன். இந்தக் கல்யாணம் நடக்காது."

பெயர் செல்வராஜ். ஆயரை ஐயர் என்று கூப்பிடும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மனைவியோடு பஸ் ஏறி வந்திருந்தார். ஜெபராணிக்கு இங்கே வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. சுரேஷ் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். கெலவரப்பள்ளிப் பக்கத்துப் பையன், வீட்டில் பேசுவது தெலுங்கு.

"காரணம் சொல்லுங்கய்யா" என்றேன்.

"அவங்க வேற ஆளுவ. எங்களுக்குச் சரிப்படாது."

"ரெண்டு பேர்ல யாருக்காவது ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா? வயசு பத்தலையா? கட்டிக்கக் கூடாத உறவா? இதுல ஒண்ணு இருந்தாலும் இங்கயே நிறுத்திடறேன்."

"அதெல்லாம் இல்ல."

"அப்ப தடையே இல்லையே. உக்காருங்க."

சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டேன். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஓடி வந்தார். ரிட்டயர்டு போர்மேன், நல்ல மனுஷன், ஆனால் சண்டை என்றால் பயம்.

"நமக்கெதுக்குங்க பாஸ்டர் வம்பு? சபையில பாதி தெற்கத்திக் குடும்பங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க."

"போறவங்க போகட்டும். சாதி பாத்து ஓலைய நிறுத்திட்டு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்றது?"

ஆனால் ஜெபராணியின் கவலை வேறு.

"கல்யாணத்த நீங்க நடத்திருவீங்க ஐயரே. பொண்ணக் குடுக்கது யாருன்னு கேப்பீங்கல்லா, அப்ப எனக்குன்னு எந்திரிக்க ஆள் வேணும்லா? அநாத மாதிரி நிக்கணுமா?" என்று அழுதாள்.

செயலாளரை எழுந்திருக்கச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

செல்வராஜ் ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். சாயங்காலம் தோறும் போய்ப் பேசினேன். "வேத வசனம் எனக்கும் தெரியும் ஐயரே" என்று வாயை அடைத்துவிட்டார். அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கல்யாண நாள். வரமாட்டேன் என்ற மனுஷன் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மனைவி. முறைப்படி கேட்டேன்:

"இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்கு விவாகம் செய்துகொடுப்பது யார்?"

யாரும் அசையவில்லை. ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது செல்வராஜின் அதட்டல் கேட்டது.

"ஏட்டி, எங்க போற?"

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முன்னால் வந்து மகள் கையைப் பிடித்தார்.

"நாந்தான் ஐயரே. பெத்தவ நான் குடுக்கேன்."

மகளின் கையை அவரிடமிருந்து வாங்கினேன். மனப்பாடமாக இருந்த அடுத்த வரியைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசித்தேன்.

இளம் ஆயர்களே, சாதிக்கு நீங்கள் தயங்காமல் பதில் சொல்லுங்கள், அது நம் வேலை. ஆனால் வீட்டாரின் சம்மதம் என்றால் அப்பாவின் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அம்மா அத்தனை சாயங்காலமும் தயாராகத்தான் இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.