பெயின்ட் அடிக்கக் கூடாத கட்டி

வெல்டரம்மாவின் நாக்குக்கும் வெல்டிங் கம்பிக்கும் வித்தியாசமே கிடையாது, இரண்டிலும் பொறி பறக்கும் என்று அந்தப் படகுப் பட்டறையில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். ஆகையால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவள் பற்றவைத்தது விட்டுப்போச்சு என்று இதுவரை ஒருத்தன் வந்து நின்றதில்லை. அதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது.

அவளுக்கென்று தனி வேலை ஒன்று உண்டு. கழிமுகத்து உப்புத் தண்ணீரில் ஓடும் இரும்புப் படகுகளை வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றுவார்கள். அப்போது படகின் அடிவயிற்றில் வரிசையாகத் துத்தநாகக் கட்டிகளைப் பற்றவைப்பது அவள்தான். பட்டறையில் அதற்கு ஜிங்க் கட்டி என்று பெயர். அரைச் செங்கல் அளவு இருக்கும், பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. ஆனால் உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்க வரும்போது, 'அவனை விடு, என்னைத் தின்னு' என்று முன்னால் போய் நிற்பது அதுதான். கட்டி கரையும், படகு பிழைக்கும்.

ஒருநாள் மேஸ்திரி கட்டியைத் தட்டிக்கொண்டே உருகினார். "இதுவும் நம்ம வீட்டுப் பொம்பளைங்களும் ஒண்ணும்மா. தான் தேஞ்சு அடுத்தவங்களைக் காப்பாத்துறது."

"நான் ஒண்ணும் தேயல மேஸ்திரி. நல்லா ரெண்டு வேளை சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். நீங்க வேணும்னா வீட்டுக்குப் போய்த் தேய்ங்க, பாத்திரம் கெடக்கும்."

அன்றிலிருந்து அவர் உவமைகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இந்தத் துத்தநாக விவகாரம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது. மற்ற பாடங்களில் அவள் எடுத்த மதிப்பெண்ணைச் சொன்னால் என் தலை தப்பாது, விடுங்கள். வேதியியல் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பை நீலமாக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பட்டறைக்குப் புதுக் கட்டி வந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்ப்பாள். துத்தநாகமானால் புசுபுசுவென்று நுரைக்கும். ஈயத்தை வார்த்து எவனாவது தலையில் கட்டப் பார்த்தால் கம்மென்று கிடக்கும். அப்படி ஒரு வியாபாரி கொண்டுவந்த மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடியதை மேஸ்திரி இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்வார்.

இனி மாமாவுக்கு வருவோம். அவளுடைய அக்கா வீட்டுக்காரர். விளம்பரப் பலகை எழுதுகிறவர், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு மனிதர் வீட்டு மூலையைப் பிடித்துவிட்டார். கால் கூடியும் மனம் கூடவில்லை. ஏணியைக் கண்டால் வேர்த்துக் கொட்டும். வேலைக்குப் போகாத ஆத்திரத்தையெல்லாம் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அக்காமேல் காட்டுவார். "இந்த மனுஷன் இப்படியே மக்கிப் போயிடுவாரோன்னு பயமா இருக்குடி" என்று அக்கா ஒருநாள் தங்கையிடம் அழுதாள்.

வெல்டரம்மா நேரே மேஸ்திரியிடம் போய் நின்றாள். "அக்கரைப் படகுக்கு அடிப்பக்கம் பெயின்ட் அடிக்க எங்க மாமாவைக் கூப்பிடுங்க. தரையில நின்னு அடிக்கிற வேலைதானே. என் பொறுப்பு."

அக்கரைப் படகு என்றால் தினமும் ஜனங்களை ஏற்றி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் அலைகிற பெரிய படகு. மாமா அதன் அடிவயிற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கோட்டுமேல் கோட்டு கொடுத்து, முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டார். படகைத் தண்ணீரில் இறக்கியபோது பட்டறையே கைதட்டியது. மேஸ்திரி மாமாவின் தோளில் கை போட்டார். அதைப் பார்த்த வெல்டரம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை.

அன்று அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மாமா குழம்பைக் குறை சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பேச்சு ஓயவே இல்லை.

"நீ ஒட்ட வச்சிருந்தியே, சாம்பல் கலர்ல அசிங்கமா கட்டிங்க... கண்ணுக்கு உறுத்துச்சும்மா. அதுக்கும் சேர்த்து ரெண்டு கோட்டு கொடுத்து மறைச்சிட்டேன். இப்ப எது கட்டி எது படகுன்னே தெரியாது!"

வெல்டரம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

ஐயோ, சொல்லவில்லையே! பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, புதிதாக வந்தவருக்குத் தெரியாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெயின்ட் போர்த்திய கட்டியைத் தண்ணீர் தொட முடியாது. தொடாத கட்டி கரையாது. கட்டி கரையாவிட்டால், கீறல் விழுந்த இடத்திலெல்லாம் உப்புத் தண்ணீர் படகின் இரும்பைத்தான் தின்னும். நாளைக்கே ஓட்டை விழாதுதான். ஆனால் வருடம் முழுக்க அதில் ஏறுகிறவர்கள் ஊர் ஜனங்கள். சொன்னாலோ, கைதட்டிய அதே பட்டறை கெக்கலி கொட்டிச் சிரிக்கும். மாமா மறுபடி மூலைக்குப் போய்விடுவார், பிறகு யார் எழுப்புவது?

அக்காவைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டு மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், மாமா குதித்தார்.

"பெயின்ட் அடிச்சா துரு பிடிக்குமா? இது எந்த ஊர் நியாயம்? பிறந்ததிலேருந்து பிரஷ் பிடிக்கிறவன்கிட்ட வந்து சொல்ற!"

"இரும்புக்கு அடிச்சது சரி மாமா. கட்டிக்கு அடிச்சதுதான்..."

"போதும்மா. என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே உனக்கு?"

வாய்ப்பேச்சில் அவள் யாரிடமும் தோற்றவளில்லை. ஆனால் இதை வாயால் ஜெயிக்க முடியாது. மறுநாள் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசல் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். காரம் பட்டால் மட்டும் இளஞ்சிவப்பாகிற கரைசல் அது. துத்தநாகம் தான் கரைந்து காக்கிற இரும்பைச் சுற்றிக் காரம் ஊறும், அங்கே நிறம் ஏறும். கடல்பாசியைக் காய்ச்சி, உப்புப் போட்டு, அதில் அந்தக் கரைசலையும் கலந்தாள். இரண்டு இரும்பு ஆணிகளைப் பளபளவென்று தேய்த்து, இரண்டின் இடுப்பிலும் துத்தநாகத் தகட்டைச் சுற்றினாள்.

"இதுல ஒண்ணோட தகட்டுக்கு மட்டும் நீங்களே பெயின்ட் அடிங்க மாமா. உங்க பெயின்ட், உங்க பிரஷ்."

மாமா முறைத்தார். ஆனால் பிரஷ் என்றதும் கை சும்மா இருக்குமா? அழகாக இரண்டு கோட்டு அடித்துக் காயவைத்துக் கொடுத்தார். ஆணிக்கொரு கண்ணாடித் தம்ளராக எடுத்துப் படுக்கப் போட்டு மேலே கடல்பாசியை ஊற்றினாள்.

"இனிப்புப் போடலையாடி?" என்றாள் அக்கா, எட்டிப் பார்த்து.

"சாப்பிட்டுடாதக்கா, மாமா தனி ஆளாயிடுவாரு."

மாமா தம்ளரைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போனார். மறுநாள் விடிந்ததும் இரண்டு தம்ளரையும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். பெயின்ட் அடிக்காத தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் ஆணியைச் சுற்றித் தலையிலிருந்து முனைவரை இளஞ்சிவப்பு, உள்ளே இரும்பு புதுசு மாதிரி மின்னியது. இன்னொன்றில் அவர் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. ஆணியின் தலையிலும் முனையிலும் காவி நிறத்தில் துரு கசிந்திருந்தது.

வெல்டரம்மா அப்போது பட்டறையில் மேஸ்திரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தப்பு என்னுடையது, பெயின்ட் அடிக்கச் சொன்னதே நான்தான் என்று சொல்லிப் பழியைத் தலையில் போட்டுக்கொள்ள வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். "மேஸ்திரி, அக்கரைப் படகை மறுபடி கரையேத்தணும், நான்..." என்று ஆரம்பிக்கும்போதே பின்னால் குரல் கேட்டது.

"நான் சொல்றேம்மா. நீ இரு."

மாமா நொண்டிக்கொண்டே வந்தார், கையில் துருப்பிடித்த ஆணியுள்ள தம்ளர். அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"ஜிங்க் கட்டிக்குப் பெயின்ட் அடிச்சவன் நான்தான். அடிச்சா என்ன ஆகும்னு இதுல இருக்கு, பாத்துக்குங்க. படகை ஏத்துங்க. நானே சுரண்டுறேன்."

யாரோ ஒருத்தன், "கட்டிக்கு மேக்கப் போட்டுட்டீங்களா மாமா!" என்றான். பட்டறை கொல்லென்று சிரித்தது. வெல்டரம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மாமாவின் காது சிவந்தது. அப்புறம், "போட்டாலும் பொருத்தமாத்தான்டா போட்டேன், உன் மூஞ்சிக்கு அதுகூடப் பத்தாது" என்றார். இந்த முறை சிரித்த சிரிப்பில் அவரும் இருந்தார்.

மேஸ்திரி திட்டித் தீர்த்துவிட்டுத்தான் படகை ஏற்றினார். திட்டாமல் ஏற்றினால் அவர் மேஸ்திரியா? மாமா மல்லாந்து படுத்து ஒவ்வொரு கட்டியாகச் சுரண்டினார், சாம்பல் நிறம் பளிச்சென்று தெரியும்வரை. பிறகு கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட் கேட்டார். ஒவ்வொரு கட்டிக்கும் பக்கத்தில், படகின் இரும்பின் மேல், 'பெயின்ட் அடிக்காதே' என்று எழுதினார். கடைவீதிப் பலகைக்கு எழுதுகிற அதே சுழி, அதே நிழல்கோடு.

"தண்ணிக்கடியில இருக்கப்போவுது, எதுக்கு மாமா இவ்வளவு அழகு?"

"மீனு படிக்கட்டுமே."

அடுத்த வருடம் அக்கரைப் படகு கரையேறியது. அதற்குள் மாமா அந்தப் பட்டறையில் நிரந்தர ஆள். ஏணியிலும் ஏறுகிறார், நான்கு படிவரை. கட்டிகள் தின்றுபோட்ட ரொட்டி மாதிரி பாதியாகக் கரைந்திருந்தன. தகடு அளக்க வந்தவர் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்டு, "எங்கேயும் தேயல, போன வருஷம் இருந்த கனம் அப்படியே இருக்கு" என்றார். மாமா கரைந்த கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் காட்டினார், ஏதோ பரிசுக் கோப்பை மாதிரி.

வெல்டரம்மா பழைய கட்டிகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துக்கொண்டே போனாள். கடைசிக் கட்டி, ஆள் தவழ்ந்துதான் போக வேண்டிய இடத்தில், படகின் நடுவயிற்றில் இருந்தது. போன வருடம் கட்டியைப் பற்றவைத்ததோடு சரி, பெயின்ட் சுரண்டும்போது அவள் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. மாமாவேதான் போய் வந்தார். பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிட்டு விளக்கைப் பிடித்தாள். இங்கே மட்டும் எழுத்து இரண்டு வரியாக இருந்தது.

'பெயின்ட் அடிக்காதே.
இது என் மச்சினி உத்தரவு.'

வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தும் ஒரு சுழி அழியவில்லை. வெல்டரம்மாவுக்குக் கண் கரித்தது. அவளுக்கு அப்படிப் பெருமையாக இருந்தது, அவரை நினைத்தும், தன்னை நினைத்தும். வெளியே மேஸ்திரி, "என்னம்மா, உள்ளேயே குடித்தனம் போயிட்டியா?" என்று கத்தினார்.

"வரேன் வரேன்! ஜனங்க நிம்மதியா நாலு எழுத்துப் படிக்க விடமாட்டீங்களே!" என்று கத்திவிட்டு, அவள் அதை இன்னொரு முறை படித்தாள்.